சாயா நேர்ச்சை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வரும். ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டுகிறவர், நீங்கள் அதைப் பிரிப்பதற்குள் கேட்பார். "மேடம், சாயா குடிச்சா தடி கொறையும்னு செல்லுதாவளே, உள்ளதா?" எங்கள் பாறசாலைப் பக்கத்தில் டீக்குச் சாயா என்றும் உடல் பருமனுக்குத் தடி என்றும் பெயர். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருந்த காலம் முழுக்க இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகும் அது என்னை விட்டபாடில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார்.

பதில் உங்களுக்குத் தெரியும், படித்துவிட்டுத்தானே வந்திருக்கிறீர்கள். தேயிலையில் உள்ள சில பொருட்கள் உடம்பு கொழுப்பை எரிக்கும் வேலையைக் கொஞ்சம் தூண்டும். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். பாலும் சீனியும் சேர்ந்துவிட்டால் அந்தக் கொஞ்சமும் போன இடம் தெரியாது. பக்கத்தில் நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த ஒரு பழம்பொரி வந்து உட்கார்ந்தால் பேச்சே முடிந்தது. நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கிரீன் டீ நல்லது என்று எங்கோ கேட்டு, அதைப் பாலில் காய்ச்சிச் சீனி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். எடை ஏறியிருந்தது. "நிறந்தான் மேடம் கொறச்சு மோசம், மத்தபடி நல்லா உண்டு" என்றார். நான் சிரிப்பை அடக்க மேசைக்கு அடியில் பேனாவைத் தேடினேன்.

அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. இன்றைக்கு நான் சொல்ல வந்தது சிரிக்க முடியாத ஒன்று. இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஆட்களில் யாரை மனம் இன்னும் தேடுகிறது என்று கேட்டால், நான் சொல்லப்போவது ஒரு மோட்டார் மெக்கானிக்கையும் அவன் அக்காவையும்தான்.

அவன் பெயரை மாற்றி ஷிபு என்று வைத்துக்கொள்கிறேன். பாறசாலைக்கும் பொழியூருக்கும் நடுவில், ஒரு வேலி தாண்டினால் தமிழ்நாடு என்கிற மாதிரி ஒரு ஊர். வீட்டுக் கிணறுகளில் கிடக்கும் மோட்டார்களைப் பழுது பார்ப்பது அவன் வேலை. நல்ல உயரம், நல்ல பருமன், பேசினால் தரையைப் பார்த்துப் பேசுவான். அவனுடைய அக்காவை லதா என்று வைத்துக்கொள்வோம். மது வாசனையே அறியாத அந்தப் பெண்ணுக்கு ஈரல் கெட்டுப்போய்விட்டது. உடம்பே தன் ஈரலைத் தாக்கும் ஒரு நோய். இனி மருந்தால் ஆகாது, வேறு ஒருவருடைய ஈரலில் ஒரு பகுதியை எடுத்து வைக்க வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. கணவருக்கு ரத்த வகை சேரவில்லை. மகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. சேர்ந்தது தம்பிக்கு மட்டும்தான்.

ஆனால் ஷிபுவின் ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. அந்த ஈரலை எடுத்து வைத்தால் அக்காவுக்கும் ஆபத்து, மீதி ஈரலோடு இருக்கப்போகிற அவனுக்கும் ஆபத்து. "கொழுப்பு குறைந்தால் எடுக்கலாம்" என்று சொல்லி டாக்டர்கள் அவனை என்னிடம் அனுப்பினார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் பாறசாலையிலிருந்து ரயிலில் போய்வருவேன். ஊர்க்காரி என்று தெரிந்ததும் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

நான் கொடுத்த அட்டவணையை அவன் வேதம் மாதிரி கடைப்பிடித்தான். சோறு பாதியானது. மரச்சீனிக் கிழங்கு போனது, மீன் பொரிப்பது போனது. காலையில் வயல் வரப்பில் நடை. அவன் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "சத்தியமா மேடம், ராத்திரி ரெண்டு சப்பாத்தியாக்கும் தின்னுதாரு. சாயாவுக்குச் சீனியும் கிடையாது. பாக்க எனக்கே சங்கடமா உண்டு" என்றாள். பொய் சொல்லும் முகம் இல்லை அது.

அடுத்த ஸ்கேனில் கொழுப்பு அப்படியே இருந்தது.

அன்று மத்தியானம் டாக்டர்கள் கூட்டம் இருந்தது. லதாவின் நிலை இறங்கிக்கொண்டிருந்தது. கண் மஞ்சள் ஏறி, வயிறு நீர் கோத்துப் படுக்கையில் இருந்தாள். தம்பியை விலக்கிவிட்டு, இறந்தவர் யாருடைய ஈரலாவது கிடைக்கும் வரை காத்திருப்போரில் அவளைச் சேர்த்துவிடலாம் என்று பேச்சு. அப்படிக் காத்திருப்பது என்றால் என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கூட்டத்துக்கு முன்னால் எனக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஷிபுவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

என்னுடைய முதல் வேலையில் எனக்கு மேல் இருந்த அம்மாள் ஒருவர் அடிக்கடி சொல்வார்: தின்றதைக் கேட்காதே, போன இடத்தைக் கேள். தின்றது யாருக்கும் ஞாபகம் இருக்காது, போன இடம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அன்று அது நினைவு வந்தது. "நேத்து எங்கெல்லாம் போனே, ஷிபு? வீடு வீடா சொல்லு" என்றேன்.

"காலத்தே பள்ளிக்கு கிட்ட சாரோட வீட்டுக்குப் போனேன். மோட்டார்ல தண்ணி ஏறல்ல."

"அங்க சாயா தந்தாவளா?"

"உண்டு."

"சீனி?"

"அது அவிய போட்டுத்தானே தருவாவ."

"கூட?"

"ஒரு வடை. கையில கொண்டு தந்தா எப்படி மேடம் வேண்டாம்னு செல்லது?"

அதற்கடுத்து ஒரு நர்ஸ் வீடு. அதற்கடுத்துக் கோயிலுக்குப் பின்னால் ஒரு வீடு. நான் விரல் மடக்கிக்கொண்டே வந்தேன். ஒரு கை போதவில்லை. அக்காவுக்கு ஈரல் கொடுக்கப் போகிறவன் என்ற செய்தி ஊரெல்லாம் பரவியிருந்தது. மோட்டார் கெடாத வீட்டுக்காரர்களும் அவனை வழியில் நிறுத்தி உள்ளே கூட்டிப் போயிருக்கிறார்கள். எப்போதும் தருகிற, பால் விடாத கட்டன் சாயா போய், கெட்டிப் பால் விட்டு, சீனி தாராளமாகப் போட்டு, தட்டில் பழம்பொரியும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஊர் தன் மரியாதையைக் காட்ட அறிந்த வழி அது ஒன்றுதான். அவர்கள் அன்பாகக் கொடுத்ததெல்லாம் நேராக அவன் ஈரலில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதில் இன்னொரு வினையும் சேர்ந்திருந்தது. சாயா குடித்தால் கொழுப்பு கரையும் என்று போனில் ஒரு வீடியோவில் யாரோ பேசியதை அவன் கேட்டிருந்தான். "அதான் மேடம், சாயா உள்ளே போனா நல்லதுதானேன்னு நினைச்சேன்" என்றான். நான் "என்ன சாப்பிட்டாய்" என்று கேட்டபோதெல்லாம் அவன் சாயாவைச் சொல்லாததற்கு அதுதான் காரணம். அது அவனுக்கு ஆகாரம் இல்லை, மருந்து.

"வெளிய குடிக்கும்போதும் சீனி வேண்டாம்னு சொல்லக்கூடாதா?"

அப்போதுதான் அவன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "அது முடியாது மேடம். சீனி வேண்டாம்னா ஷிபுவுக்குச் சுகர் ஆக்கும்னு செல்லுவாவ. சுகர் உள்ளவன் எப்படி ஈரல் குடுப்பான்னு ஊரு பேசும். அது அக்காவுக்க காதுக்கு வரும். நான் குடுக்க மாட்டேன்னு அவ நினைச்சா, அப்பளே மனசு விட்டிருவா."

அவன் சொன்னது சரி. எங்கள் ஊர்களில் சீனி வேண்டாம் என்று சொல்வது நோயைத் தம்பட்டம் அடிக்கிற மாதிரி. நம்முடைய அட்டவணையில் இதற்கு இடமே கிடையாது. எத்தனை கிராம், எத்தனை வேளை என்று எழுதத் தெரிந்த நமக்கு, அந்தக் கிளாசை நீட்டுகிற கை யாருடையது என்று எழுதத் தெரியாது.

கூட்டத்தில் ஒரு இளம் டாக்டர், "அவர் நம்மிடம் பொய் சொல்லியிருக்கிறார்" என்றார். "இல்லை. நாம் அவன் வீட்டைப் பற்றித்தான் கேட்டோம். அவன் பகலெல்லாம் அடுத்தவர் வீட்டில் இருக்கிறான்" என்றேன். அவனுக்கு இன்னும் ஒரு தவணை தர வேண்டும் என்று கேட்டேன். இந்த முறையும் குறையாவிட்டால் லதாவின் நாட்களை நான் வீணாக்கியவள் ஆவேன். அது தெரிந்தேதான் கேட்டேன். தலைமை டாக்டர் நாட்காட்டியைப் புரட்டினார். "ஒரு மாதம்" என்றார்.

ஒரு மாதம் கிடைத்தது. ஆனால் வழி கிடைக்கவில்லை. அன்று சாயங்கால ரயிலில் நெய்யாற்றின்கரை தாண்டும்போது எதிரே கறுப்பு வேட்டி கட்டி மாலை போட்ட சிலர் உட்கார்ந்திருந்தார்கள். முறுக்கு விற்கிறவன் வேண்டுமா என்றுகூட அவர்களைத் தொந்தரவு செய்யாமல் தாண்டிப் போனான். விரதம் இருக்கிறவரை எங்கள் பக்கத்தில் யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். இந்து வீடானாலும் சரி, எங்களைப் போலப் பழைய சபைக் கிறிஸ்தவ வீடானாலும் சரி, கடவுளுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன் என்ற பொருளில் "நேர்ச்சை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நீட்டிய கை தானாகப் பின்வாங்கும்.

மறுநாள் காலையில் ஷிபுவுக்குப் போன் செய்தேன். "சீனி வேண்டாம்னு சொல்லாண்டாம். அக்காவுக்கு வேண்டி சாயாவை நேர்ச்சையா விட்டிருக்கேன்னு சொல்லு."

"பொய்யா நேர்ச்சை செல்லுனா தெய்வத்துக்குப் பொறுக்காது மேடம்."

"அப்படின்னா உண்மையாவே விட்டுரு."

"செரி" என்றான்.

அந்த "செரி"யை நான் ஒரு தந்திரம் பலித்த சந்தோஷத்தோடு கேட்டேன். அவன் அதை அப்படிச் சொல்லவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. அன்றே யாரோ ஒரு வீட்டுக்கார அம்மா, "எம்மட்டு நாளைக்குலே நேர்ச்சை?" என்று கேட்டிருக்கிறார். "அக்கா எந்திச்சு வந்து, அவ கையால சாயா இட்டுத் தாறது வரை" என்று இவன் பதில் சொல்லியிருக்கிறான். அந்த வாசகம் நான் கொடுத்தது இல்லை. அவனே வைத்துக்கொண்டது.

ஊர் உடனே மாறிவிட்டது. அவன் வருகிற நேரம் பார்த்து அடுப்பிலிருந்து சாயாப் பாத்திரத்தை இறக்கி வைத்தார்களாம். மணம் அவன் மூக்கில் படக்கூடாதாம். வடை தந்தவர்கள் வெள்ளரிக்காய் வெட்டித் தந்தார்கள். மாதம் முடிவதற்குள் அவன் சட்டை தோளிலிருந்து தொங்கியது. ஸ்கேன் அறையிலிருந்து வந்த முடிவைத் தலைமை டாக்டரே என் அறைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஈரல் சுத்தமாக இருந்தது. அறுவை சிகிச்சைக்கு அடுத்த வாரம் நாள் குறித்தார்கள்.

அன்று நானும் ஷிபுவும் வார்டுக்குப் போனோம். லதா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பில் கண் மட்டும்தான் மீதி இருந்தது. ஆனால் அந்தக் கண் சிரித்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் கணவர் கேன்டீனிலிருந்து வாங்கி வைத்த சாயா பிளாஸ்க்.

"எலே, இஞ்ச வா" என்று தம்பியைக் கூப்பிட்டாள். "நேர்ச்சை விட்டியாமே. எங்கிட்ட ஒரு வாக்கு செல்லல்லியே." பிறகு என்னைப் பார்த்தாள். "மேடம், சின்னதுல நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருவோம். அம்மை முந்திரி உடைக்கிற கம்பெனியில இருப்பா. வீட்டுல பால் ஒரு கிளாசுக்குத்தான் காணும். இவனுக்குப் பால் சாயா, எனக்குக் கட்டன். எனக்குக் கட்டன்தான் இஷ்டம்னு செல்லி இவனெ நம்ப வச்சேன். இப்பளும் நம்பிட்டிருக்கான்."

ஷிபு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்பம் இவனுக்கு நான் ஒரு வாய் விட்டுத் தரட்டா, மேடம்? நேர்ச்சை தீந்திரும்."

தரலாம் என்றேன். ஒரு கிளாஸ் சாயா இனி அந்த ஈரலை ஒன்றும் செய்யாது. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவள் பிளாஸ்க் மூடியைத் திருகினாள். கையில் பலம் இல்லாமல் அதற்கே நேரம் எடுத்தது. மூடியில் பாதி ஊற்றி நீட்டினாள். ஆவி வந்தது.

"வேண்டாம்க்கா" என்றான் ஷிபு.

"மேடமே செல்லியாச்சுல்லா."

"கேன்டீன் சாயா எனக்கு எதுக்கு? நீ நம்ம அடுக்களையில நின்னு இட்டுத் தரணும். ஒப்பரேசன் களிஞ்சு, பைய தந்தா போதும்."

லதா சிரித்தாள். "இவன் பண்டே பிடிவாதக்காரனாக்கும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மூடியில் இருந்ததைத் திரும்பப் பிளாஸ்கிலேயே ஊற்றினாள். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாமல் ஊற்றினாள். நான் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அவன் அந்தச் சாயாவை விலக்கியதாக எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா வீட்டுக்குத் திரும்பி வருவாள் என்பதை அப்படிச் சொல்கிறான் என்றுதான் தோன்றியது. சந்தோஷமாக இருந்தது எனக்கு.

இரண்டு நாளில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தொற்று ரத்தத்தில் ஏறியது. அந்த நிலையில் அறுவை செய்ய முடியாது. எல்லாரும் முயன்றார்கள்; நான் ஒரு வேலையும் இல்லாமல் அந்த வராந்தாவில் நடந்தேன். குறித்த நாளுக்கு முன்னாலேயே லதா போய்விட்டாள்.

துக்கத்துக்கு நானும் போனேன். எங்கள் பக்கத்தில் துக்க வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கட்டன் சாயா கொடுப்பது வழக்கம். தட்டில் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு பந்தலில் ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தது ஷிபு. வாங்கினவர்கள் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குச் சாயா கொடுத்துக் கொடுத்துப் பழகினவர்கள்தான் எல்லாரும். என் முன்னால் வந்தபோது, "சீனி உண்டு மேடம், பாத்துக் குடிங்க" என்றான். நான் சீனியை விட்டுப் பல வருஷம். அன்று முழுக் கிளாசையும் குடித்தேன்.

"இனி நீயும் ஒரு வாய் குடி, மக்கா" என்று ஒரு பெரியவர் அவனிடம் சொன்னார். "நேர்ச்சை தீரல்லியே" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குத் தட்டை நீட்டினான்.

இதிலிருந்து என்ன படிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் முழுதாகத் தெரியாது. தெரிந்த அளவு சொல்கிறேன். ஒருவருடைய வாயிலிருந்து ஒரு பொருளை நாம் எடுக்கும்போது கொழுப்பை மட்டும் எடுப்பதில்லை. அதோடு சேர்ந்து நாலு மணியும் ஒரு அடுக்களையும் ஒரு ஆளும் வருகிறார்கள். எடுப்பதற்கு நமக்குப் படிப்பு இருக்கிறது. திருப்பிக் கொடுப்பது பல நேரம் நம் கையில் இல்லை. ஆகவே எடுக்கும்போது மெதுவாக எடுங்கள். அவர் எதற்காக விட்டுக்கொடுக்கிறார் என்று ஒருமுறை கேட்டுவிட்டு எடுங்கள்.

ஓய்வு பெற்றபின் நான் வீட்டில் சும்மா இருக்கிறேன். நாலு மணியானால் ஆஸ்பத்திரி வராந்தாவில் சாயாத் தள்ளுவண்டி வரும் சத்தம் இப்போதும் காதில் கேட்கிறது. எழுந்து போய் எனக்கு நானே சாயா போட்டுக்கொள்கிறேன். உங்களைப் போன்ற புதியவர்களின் கூச்சல், சந்தேகங்கள், சீட்டை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்கிற கூட்டம் எல்லாவற்றுக்கும் மனம் ஏங்குகிறது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஷிபு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறான். மோட்டார் பார்க்க வந்தேன் என்பான். என் மோட்டாருக்கு ஒரு கேடும் இருக்காது. அவனும் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டான். போன தடவை வந்தபோது நான் அடுப்பில் சாயாவுக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். அவனுக்கு இன்னும் அதே மெலிந்த உடம்பு. உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். புதிதாக எடுத்த ஸ்கேன். யாரும் எடுக்கச் சொல்லாதது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். ஈரலில் கொழுப்பு துளியும் இல்லை.

"நல்லா இருக்கா மேடம்?"

"ரொம்ப நல்லா இருக்கு."

தாளைத் திரும்ப வாங்கி மடித்தான். மடித்த தாளையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அப்பம், இப்பளும் அக்காவுக்குக் குடுக்கலாம், இல்லியா?"

"குடுக்கலாம், மக்கா" என்றேன்.

தலையாட்டிக்கொண்டு எழுந்தான். "வாறேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். அன்றைக்கு நாலு மணிச் சாயா நானும் குடிக்கவில்லை.